உள்ளே ஒரு கம்பி கரைகிறது

(பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் குடியிருப்போர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"கீசருக்கு ஒரு சொற்பொழிவா?" என்று வாசலில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். தமிழ் மேடை என்றால் கம்பனும் வள்ளுவரும் பேசப்பட வேண்டும் என்பது நமக்குப் பழக்கம். ஆனால் நாளைக் காலை ஐந்தரை மணிக்கு நம்மில் பாதிப்பேர் முதலில் கை வைக்கப்போவது குறளில் அல்ல, குளியலறைக்கு வெளியே இருக்கும் அந்தச் சிவப்பு விளக்கு சுவிட்சில். அதற்கு மறுமுனையில் என்ன நடக்கிறது என்று கொஞ்ச நேரம் பேசினால் வள்ளுவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பெட்டியைத் திறந்து பார்ப்போம். 15 லிட்டர், 25 லிட்டர் கீசரின் வெளிக்கூடு தகரம் அல்லது பிளாஸ்டிக். அடுத்து, சூடு வெளியே போகாமல் தடுக்கும் நுரை அடைப்பு. அதற்கும் உள்ளே இருப்பதுதான் டாங்க். பெரும்பாலான கீசர்களில் அது சாதாரண எஃகுத் தகடு. அதன் உட்புறத்தில் கண்ணாடிப் பொடியைப் பூசி, சூளையில் 800 டிகிரிக்கு மேல் சுட்டு, உருகிப் படிய வைத்திருப்பார்கள். விளம்பரத்தில் 'கிளாஸ் லைன்ட்' என்று பெருமையாகப் போடுவது இதைத்தான். கண்ணாடி துருப்பிடிக்காது, வாஸ்தவம். ஆனால் வெல்டிங் ஓரங்களிலும் குழாய் நுழையும் இடங்களிலும் ஊசிமுனை அளவு இடைவெளி எங்காவது விட்டுப்போகும். தினமும் சூடாகிக் குளிர்ந்து, விரிந்து சுருங்குவதில் நுண்ணிய கீறல்களும் விழும். அந்த இடங்களில் எஃகு வெறும் உடம்போடு வெந்நீரைத் தொடுகிறது. துரு அங்கேதான் தொடங்கும்.

தயாரிப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் உள்ளே ஒரு கம்பியை வைத்து அனுப்புகிறார்கள். நடுவில் மெல்லிய இரும்புக் கம்பி, அதைச் சுற்றி விரல் பருமனுக்கு மெக்னீசியம். மெக்கானிக்குகள் இதை 'ஆனோடு ராடு' என்பார்கள். இந்தக் கம்பியை உங்கள் வீட்டு கீசரில் கண்ணால் பார்த்தவர்கள் கை தூக்குங்கள். ஒன்று, இரண்டு... பரவாயில்லை, மூன்று பேர். அந்த மூவரும் வீட்டுக்குப் போகலாம். மற்றவர்களுக்குத்தான் இந்தப் பேச்சு.

தண்ணீரில் இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருந்தால், எலெக்ட்ரானை எளிதாக விட்டுக்கொடுக்கும் உலோகம் கரையும், மற்றது தப்பிக்கும். வேதியியல்காரர்கள் இதற்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். அதில் செம்பு பூஜ்யத்துக்கு மேலே 0.34 வோல்ட். இரும்பு பூஜ்யத்துக்குக் கீழே 0.44. மெக்னீசியமோ பாதாளத்தில், 2.37 வோல்ட் கீழே. ஆகவே இரும்பும் மெக்னீசியமும் ஒரே தண்ணீரில் நின்றால் கரைவது எது என்பதில் போட்டியே இல்லை. கடன் வாங்கியது இரும்பு; ஜாமீன் கையெழுத்துப் போட்டது மெக்னீசியம். தண்ணீர் வசூலுக்கு வரும்போதெல்லாம் ஜாமீன்காரர் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். அவர் கை காலியான மறுநாள் கடன்காரன் இரும்பின் வாசலில் நிற்பான். கீசர் 'திடீரென்று' ஓட்டை விழுந்துவிட்டது என்கிறோமே, அதில் திடீர் ஏதும் இல்லை. கம்பி தீர்ந்து வெகுநாள் ஆகியிருக்கும்.

இந்த உபாயம் புதியதல்ல. ஆங்கிலேயரின் மரக் கப்பல்களுக்கு அடியில் செப்புத் தகடு அடித்திருப்பார்கள். கடல் உப்பு அதை அரித்துத் தின்றது. வழி சொல்லும்படி ஹம்ஃப்ரி டேவி என்ற வேதியியலாளரைக் கேட்டார்கள். செம்போடு சிறு துண்டு துத்தநாகத்தையோ இரும்பையோ சேர்த்துவிட்டால் செம்பு பிழைக்கும் என்று அவர் 1824இல் லண்டன் ராயல் சொசைட்டியில் எடுத்துக் காட்டினார். அந்தச் சோதனைகளில் கூட இருந்து உதவியவர் மைக்கேல் ஃபாரடே. சோதித்த கப்பல்களில் ஒன்று 'சமராங்'. நம்ம ஊர்க் கப்பல் அது. கொச்சியில் தேக்கு மரத்தில் கட்டி 1822இல் தண்ணீரில் இறக்கியது. செம்பு பிழைத்தது உண்மை. ஆனால் கரையாத செம்பின் மேல் சிப்பிகளும் பாசியும் அப்பிக்கொண்டன. அதுவரை கரைந்துகொண்டிருந்த செம்பின் நஞ்சுதான் அவற்றை விரட்டிக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. கப்பல் வேகம் குறைந்தது. டேவிக்குக் கெட்ட பெயர். விஞ்ஞானம் சரி, கப்பலுக்குத்தான் சரிப்படவில்லை. நம் குளியலறையில் சிப்பி தொல்லை இல்லாததால் டேவியின் யோசனை இங்கே முழு மகசூல் தருகிறது.

தமிழ்நாட்டில் துருவைப் பற்றி ஆராய்ச்சி நடக்கும் இடம் ஒன்று உண்டு. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், சிக்ரி என்பார்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். வறண்ட செட்டிநாட்டில் மின்வேதியியலா என்று அப்போது கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். அந்த நிறுவனத்துக்கு மண்டபத்தில் ஒரு நிலையம் இருக்கிறது. பாம்பன் பாலத்துக்குப் பக்கத்து ஊர். கடற்காற்றில் உலோகத் தகடுகளை நிறுத்திவைத்து, எது எவ்வளவு அரிக்கிறது என்று அளந்து பார்ப்பார்கள். 1914இல் திறந்த பழைய ரயில் பாலம் அந்தக் காற்றில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நின்றதென்றால், அதற்கு முக்கியமான காரணம் ஓயாமல் சுரண்டிச் சுரண்டிப் பெயின்ட் அடித்த கைகள். பாம்பனுக்கு ஆள் போட்டார்கள். நம் கீசருக்கு யாரும் இல்லை.

சரி, ஸ்ரீராம்புரத்துக்கு வருவோம். கீசரின் ஆயுள் கம்பெனியைவிடத் தண்ணீரைப் பொறுத்தது. நம் தண்ணீருக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1890களில் ஹெசரகட்டா ஏரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்தார்கள். அதைச் சுத்தம் செய்த ஜுவெல் ஃபில்டர் நிலையம், இங்கிருந்து நடந்தே போகிற தூரத்தில், மல்லேஸ்வரத்தில். 1933இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம். 1974இல் காவேரி. சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து, ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் ஏற்றிக் கொண்டுவரும் தண்ணீர். 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டமும் வந்துவிட்டது. பின்னி மில்லுக்கும் ராஜா மில்லுக்கும் வேலைக்குப் போன நம் தாத்தாக்கள் தெருக்குழாயில் குடம் வைத்துப் பிடித்தார்கள். ராஜா மில் இருந்த இடத்தில் இப்போது மால் நிற்கிறது. தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது. ஆனால் வருகிற தண்ணீர் ஒன்றல்ல.

காவேரித் தண்ணீர் கொஞ்சம் மென்மையான தண்ணீர். போர் தண்ணீர், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், கடினம். சுண்ணாம்பும் மெக்னீசிய உப்பும் அதிகம். காவேரி வராத நாளில் போர், போரும் வற்றினால் டாங்கர் லாரி. மூன்றும் விழுவது ஒரே சம்ப்பில். 2024 மார்ச்சில் நகரமே தண்ணீருக்குத் தவித்தபோது, டாங்கரில் வந்தது எந்த ஊர்ப் போர் என்று யார் கேட்டோம்? கிடைத்ததே புண்ணியம் என்று இருந்தோம். ஆகவே 'எங்கள் வீட்டில் காவேரிதான்' என்று யாராவது சொன்னால், எந்த மாதத்தில் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் 2012இல் திருத்தப்பட்டது. அதன்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழி இல்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். போர் தண்ணீரை ஒருமுறை பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துக் கடினத்தன்மையும் குளோரைடும் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள். கையில் பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டர் வைத்துக்கொண்டு பலர் தீர்ப்பு சொல்கிறார்கள். அது கரைந்த உப்பின் மொத்தத்தைத்தான் காட்டும். அதில் சுண்ணாம்பு எவ்வளவு, கறி உப்பு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. நமக்கு வேண்டியதோ அந்தப் பிரிவினைதான்.

ஏனென்றால் இவை இரண்டும் கீசரைக் கெடுப்பது வெவ்வேறு விதத்தில். சர்க்கரை சூட்டில் நன்றாகக் கரையும், சுண்ணாம்பு அப்படியல்ல. தண்ணீர் சூடாகச் சூடாக அது படியத் தொடங்கும். அதிகம் சூடாக இருக்கும் இடம் ஹீட்டர் எலிமென்ட் என்பதால் முதலில் அதன் மேல் வெள்ளையாகக் கட்டும். அந்த ஓடு சூட்டைத் தண்ணீருக்குப் போகவிடாது. எலிமென்ட் உள்ளுக்குள்ளேயே வெந்து ஒருநாள் வெடிக்கும். உப்பில் உள்ள குளோரைடு வேறு வழி. அது தண்ணீரில் மின்சாரம் ஓடுவதை எளிதாக்கி, மெக்னீசியக் கம்பியைச் சீக்கிரம் தீர்க்கும். 'எங்களுடையது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டாங்க், கவலையில்லை' என்பவர்களுக்கும் ஒரு சொல்: குளோரைடு மிகுந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் வெல்டிங் ஓரத்தில் குழி குழியாக அரிக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எலிமென்டுக்குப் பகையான அதே சுண்ணாம்பு, டாங்க்கின் சுவரில் மெல்லிசாகப் படிந்தால் துருவுக்குத் தடையாகிறது. எந்தத் தண்ணீர் சுண்ணாம்பைப் படிய வைக்கும், எது படிந்ததையும் கரைத்து உலோகத்தை அரிக்கும் என்று கணக்கிட கலிபோர்னியாவில் லாங்லியர் என்ற பேராசிரியர் 1936இலேயே ஒரு சூத்திரம் கொடுத்தார். வீட்டுக்கு சாஃப்ட்னர் போட்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சுண்ணாம்பை எடுத்துவிட்டு அதற்குப் பதில் சோடியத்தை வைக்கிறது அந்த இயந்திரம். எலிமென்ட் பிழைக்கும், கம்பி சீக்கிரம் கரையும். சாஃப்ட்னர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போட்டவர்கள் கம்பியை இன்னும் அடிக்கடி பாருங்கள்.

இதுவரை சொன்னது பணச் செலவு. இனி சொல்வது உயிர்.

எலிமென்ட் என்பது ஒரு உலோகக் குழாய். உள்ளே சூடேறும் சுருள் கம்பி. சுருளுக்கும் குழாய்க்கும் நடுவில் மின்சாரம் தாண்டாமல் இருக்க மெக்னீசியம் ஆக்ஸைடு தூள் இடித்து நிரப்பியிருக்கும். வெளிக் குழாய் அரித்து ஒரு துளை விழுந்தால் தண்ணீர் அந்தத் தூளில் ஊறும். பிறகு 230 வோல்ட்டுக்கும் நீங்கள் குளிக்கும் தண்ணீருக்கும் நடுவில் சுவர் இல்லை. ஒழுங்கான எர்த்தும், 30 மில்லியாம்பியர் கசிவிலேயே விழுந்துவிடும் ஆர்.சி.சி.பி.யும் இருந்தால் லைன் உடனே ட்ரிப் ஆகும். நம் சந்துகளில் பல வீடுகள் மாடி மேல் மாடியாக எழும்பியவை. எர்த் கம்பி கீழ்வீட்டோடு நின்றுவிட்ட வீடுகள் உண்டு. 'கீசர் போட்டால் ட்ரிப் ஆகுது, அந்த டப்பாவைக் கழற்றி நேரே கொடுத்துவிடுங்க' என்று எலெக்ட்ரீஷியனிடம் கேட்பவர்களும் உண்டு. அம்மா, அந்த டப்பா பழுதாகவில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. ட்ரிப் ஆனால் கீசரைத்தான் கழற்ற வேண்டும்.

இன்னொன்று, சேஃப்டி வால்வு. 25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 75 டிகிரிக்குச் சூடாக்கினால் அது விரிந்து அரை லிட்டருக்குச் சற்று மேல் கூடும். அந்தக் கூடுதல் எங்காவது போக வேண்டும். அதனால்தான் சூடேறும்போது வால்வு சொட்டுகிறது. அது தன் வேலையைச் செய்கிறது. தரை ஈரமாகிறது என்று அதன் வாயில் மூடி போட்டு அடைத்த குளியலறைகளை நான் பார்த்திருக்கிறேன். சுண்ணாம்பு கட்டி வால்வு தானாகவே அடைத்துக்கொள்வதும் நடக்கும். தெர்மோஸ்டாட்டும் அதே சமயம் மக்கர் செய்தால் டாங்க் வெடிக்கலாம். சொட்டு விழும் இடத்தில் ஒரு சின்னக் குழாய் மாட்டி மூலைக்கு விடுங்கள், அடைக்காதீர்கள்.

இனி பராமரிப்பு. போர் தண்ணீர் கலக்கும் வீட்டில் ஆண்டுக்கு ஒருமுறை, காவேரி மட்டுமே வரும் அதிர்ஷ்டசாலி வீட்டில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கீசரைத் திறக்க வேண்டும். மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கும் முன் செய்வது நல்லது. டிசம்பரில் மெக்கானிக்கைக் கூப்பிட்டால் அவர் வருவதற்குள் சங்கராந்தி வந்துவிடும். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, எம்.சி.பி.யை இறக்க வேண்டும். தண்ணீர் ஆறட்டும். உள்ளே வரும் குழாயின் வால்வை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்து, டாங்க்கை வடிக்க வேண்டும். நம்மூரில் சுவரில் நிற்கும் கீசர்களில் பெரும்பாலும் அடியில் ஒரு வட்டத் தகடு, சுற்றிலும் போல்ட்டுகள். அதைக் கழற்றினால் எலிமென்ட், தெர்மோஸ்டாட் குழல், மெக்னீசியக் கம்பி மூன்றும் ஒன்றாகக் கீழே இறங்கும். கூடவே பழுப்பும் வெள்ளையுமாக ஒரு சேறும் இறங்கும். பக்கெட் தயாராக இருக்கட்டும்.

கம்பியைப் பாருங்கள். மேடுபள்ளமாக, அரித்த சாக்பீஸ் போல இருந்தால் நல்லது, வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். நடுவிலுள்ள இரும்புக் கம்பி வெளியே தெரிந்தால் மாற்றியாக வேண்டும். விலை சில நூறு ரூபாய். சில ஆண்டுகள் ஓடியும் புதிது போலவே இருந்தால் மகிழாதீர்கள். கம்பிக்கும் டாங்க்குக்கும் தொடர்பு அறுந்திருக்கலாம். எலிமென்டில் கட்டிய சுண்ணாம்பை எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறவைத்தால் கழன்றுவிடும். கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றும் மெக்கானிக்கைத் தடுத்துவிடுங்கள். அது சுண்ணாம்போடு நிற்காது, உலோகத்தையும் தின்னும். தகட்டின் ரப்பர் வாஷரைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பழையது மறுபடி உட்காராது. கடைசியாக, டாங்க் நிறைந்து வெந்நீர்க் குழாயில் தண்ணீர் வந்த பிறகுதான் மின்சாரம்.

தெர்மோஸ்டாட்டை முழுக்கத் திருப்பி வைக்கும் பழக்கமும் நமக்கு உண்டு. 10 டிகிரி கூடினால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இருமடங்கு என்பது கல்லூரிப் பாடம். 75இல் சூடாக்கிப் பச்சைத் தண்ணீர் கலந்து குளிப்பதைவிட 55, 60இல் வையுங்கள். அதற்குக் கீழே வெகுவாக இறக்கவும் வேண்டாம், வெதுவெதுப்பில் கிருமி வளரும்.

மொட்டை மாடியில் சோலார் வைத்திருப்பவர்கள் இந்த ஊரில் அதிகம். பெஸ்காம் பில்லில் யூனிட்டுக்கு 50 பைசா, மாதம் 50 ரூபாய் வரை தள்ளுபடி கொடுத்தே வளர்த்த பழக்கம். அந்த டாங்க்கிலும் பெரும்பாலும் இதே கம்பி உண்டு. அதை மாடியேறிப் பார்ப்பவர்கள் இன்னும் குறைவு.

இப்போது ஒரு வீட்டு அரசியல். ஸ்ரீராம்புரத்தில் நிறையப் பேர் வாடகைக்கோ லீசுக்கோ இருக்கிறோம். கீசர் ஓனருடையது, வெந்நீர் குடியிருப்பவருடையது. கம்பி மாற்றச் செலவு யாருடையது? பதினோரு மாத அக்ரிமென்டில் குழாய் வாஷர் வரைக்கும் எழுதுகிறார்கள், இது மட்டும் இருக்காது. 'அடுத்த வருடம் நான் இருக்கப்போவதில்லை, எனக்கென்ன' என்று இவர். 'ஓடிக்கொண்டுதானே இருக்கிறது' என்று அவர். துரு இந்த இருவருக்கும் நடுவில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது. என் அபிப்பிராயத்தில் இது ஓனரின் செலவு. டாங்க் அவர் சொத்து. ஆனால் ஆண்டுக்கொருமுறை நினைவுபடுத்துவது குடியிருப்பவரின் வேலை. அந்த வெந்நீரில் கை வைப்பது அவர் பிள்ளைகள். கம்பி மாற்றிய தேதியை மார்க்கர் பேனாவால் கீசரின் அடியில் எழுதிவிட்டால், வீடு கைமாறினாலும் அடுத்து வருபவருக்குத் தெரியும்.

(கூட்டத்தில் ஒரு அம்மா: "எங்க வீட்டு வெந்நீர்ல அழுகின முட்டை நாத்தம் வருதுங்க, அது ஏன்?")

நல்ல கேள்வி அம்மா. தண்ணீரிலுள்ள சல்ஃபேட்டைத் தின்னும் ஒருவகை பாக்டீரியா விடும் வாயு அது. மெக்னீசியம் கரையும்போது வரும் ஹைட்ரஜன் அதற்குத் தீனி. டாங்க்கை வடித்துக் கழுவி, ஒருமுறை நன்றாகச் சூடேற்றுங்கள். திரும்ப வந்தால் அலுமினியம்–துத்தநாகக் கலவைக் கம்பி கிடைக்கிறது, அதை மாற்றிப் பாருங்கள். கம்பியே வேண்டாம் என்று எடுத்துவிடாதீர்கள். ஊருக்குப் போய் சில வாரம் கழித்து வந்தால் அந்த ஹைட்ரஜன் டாங்க்கின் மேலே சேர்ந்திருக்கும். ஜன்னலைத் திறந்து, கொஞ்ச நேரம் வெந்நீர்க் குழாயை ஓடவிட்டுப் பிறகு சுவிட்சைப் போடுங்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் தீக்குச்சி கிழிக்க வேண்டாம்.

(ஒரு பெரியவர்: "எங்க கீசர் கீழே கசியுது. வெல்டிங் வெச்சா நிக்குமா, சார்?")

ஐயா, முதலில் கசிவது டாங்க்தானா என்று பாருங்கள். பல வீடுகளில் கசிவது டாங்க் அல்ல. குழாய் சேரும் இரும்பு நிப்பிள். பித்தளை வால்வோடு ஜி.ஐ. நிப்பிளைச் சேர்த்தால் அங்கேயும் இதே கதைதான், இரும்பு கரையும். நிப்பிளை மாற்றினால் போதும். வாஷரில் கசிந்தாலும் அப்படியே. ஆனால் வெளிக்கூட்டுக்குள்ளிருந்து துருத் தண்ணீராக இறங்கினால் டாங்க் போய்விட்டது. வெல்டிங் வேண்டாம். அந்தச் சூட்டில் சுற்றியுள்ள கண்ணாடிப் பூச்சும் உதிர்ந்து, ஒரு ஓட்டை நான்காகும். எம்.சி.பி.யை இறக்கிக் கழற்றி, எடைக்குப் போட்டுவிடுங்கள். புதியது வாங்கும்போது 'இந்த மாடலுக்கு ஆனோடு ராடு தனியாகக் கிடைக்குமா, என்ன விலை?' என்று கடைக்காரரிடம் கேளுங்கள். "அப்படி ஒண்ணு இருக்கா சார்?" என்று அவர் உங்களையே திருப்பிக் கேட்டால், அடுத்த கடைக்குப் போங்கள்.